தொண்ணூற்று நான்கு சதவீதம்

சாக்கடைத் தண்ணீரைக் கண்டு அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனையின் பின்புறம் போய், குளியலறை, கழிப்பறை, துணி துவைக்கும் கூடம் எல்லாவற்றிலிருந்தும் வந்து சேரும் கழிவுநீரை ஐந்து லிட்டர் கேனில் முகந்து எடுப்பாள். அதை ஆய்வகத்துக்குத் தூக்கிப் போய்த் தெளியவிட்டு, அடியில் தங்கிய வண்டலில் ஒரு சொட்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, அதிலுள்ள புழு முட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணுவாள். எண்ணி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, பக்கத்து அறையில் டிபன் டப்பாவைத் திறந்து வயிறாரச் சாப்பிடுவாள். "உனக்கு எப்படித்தான் சோறு இறங்குதோ!" என்று கேட்காத ஆள் கிடையாது. முட்டை என்ன செய்யும், பாவம், அது தன் பாட்டுக்குக் கிடக்கிறது என்பாள்.

அவள் வயிற்றைப் புரட்டியது கைப்பேசியில் வரும் ஒரு சத்தம். பெரும்பாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலேமுக்கால் மணிக்கு வரும். "ரெண்டு பக்கம் போதும். நாளைக் காலை ஒன்பதுக்குள். அவசரம்." அனுப்புகிறவர் அவளுடைய முனைவர் பட்ட ஆய்வுக்கு வழிகாட்டியான பேராசிரியர். அந்தப் 'போதும்' என்ற சொல்லில்தான் எத்தனை தாராளம்! ஏதோ நாலு பக்கம் கேட்க வேண்டியவர் அவள்மேல் இரக்கப்பட்டு இரண்டாகக் குறைத்துக்கொண்ட மாதிரி. வருடக்கணக்கில் இந்தப் பாட்டையே கேட்டுக் கேட்டு மாணவர்கள் அவருக்கு 'நாளைக் காலை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "நாளைக் காலை வந்துட்டாரா?" "வந்துட்டாரு, ஆனா நாளைக் காலைக்கு இன்னைக்கு மூடு சரியில்ல." துறையில் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள்.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. குடிநீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் பதினொரு வருடம் உதவியாளராக இருந்தவள். பாட்டில் கழுவி, லேபிள் ஒட்டி, பரிசோதனை முடிவையும் எழுதி வைப்பாள். கீழே கையெழுத்துப் போடுவது மட்டும் வேறொருவர். அது அலுத்துப்போய், தன் முடிவுக்குத் தானே கையெழுத்துப் போடும் இடத்துக்கு வரவேண்டும் என்று நீண்ட விடுப்பு எடுத்துப் படிக்க வந்தாள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். மகள் நாலாம் வகுப்பு. பல்கலைக்கழகத்தில் அவள் பெயர் ஆறு வருடத்துக்குத்தான் செல்லும். அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள், திரும்பிப் போய்ப் பாட்டில் கழுவ வேண்டியதுதான். கொடுப்பதற்கோ வழிகாட்டியின் கையெழுத்து வேண்டும். ஆக அவள் குடுமி நாளைக் காலையின் கையில் இருந்தது. அது அவருக்கும் நன்றாகத் தெரியும்.

அவர் கேட்டதை எங்கெல்லாம் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள்! நாத்தனார் கல்யாணத்தில், பட்டுப்புடவையோடு மண்டபத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு கருத்தரங்கச் சுருக்கம். மகளின் பள்ளியில், பெற்றோர் கூட்டத்தின் கடைசி வரிசையில், ஒரு திட்ட முன்வரைவு. டீச்சர் மகளைப் பற்றி ஏதோ நல்லதாகச் சொன்னார், அது என்ன என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. மகளுக்குக் காய்ச்சல் அடித்த ஒரு சனிக்கிழமை, ஒரு கையால் ஈரத்துணியை மாற்றிக்கொண்டு மறுகையால் ஐந்து பக்கம் தட்டினாள். அடித்துப்பிடித்து ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அனுப்பினாள். பதினாறு நாள் கழித்து வராந்தாவில் எதிர்ப்பட்டபோது அவர் கேட்டார், "ஏம்மா, அது என்னாச்சு, அனுப்பிட்டியா?"

அதுதான் விஷயம். மனிதர் படிக்கவே மாட்டார். கணினித் திரையில் படித்தால் கண் வலிக்கும் என்பார், அதனால் எல்லாவற்றையும் தாளில் அச்சடித்து மேஜையில் வைக்க வேண்டும். வைத்தால் ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு முதல் தாளைப் புரட்டுவார். இரண்டாவது தாளைப் புரட்டுவதற்குள் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள், அல்லது டீ வந்துவிடும். திரும்பி வரும் தாள் கட்டைப் பார்த்தாலே தெரியும்: முதல் தாளின் மூலை மட்டும் ஈரம் காய்ந்து சுருங்கியிருக்கும், மீதித் தாள்கள் கடையிலிருந்து வந்த மாதிரி மொடமொடவென்று இருக்கும். அந்தச் சுருங்கிய மூலையைத் தொடும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசும். புழு முட்டையைத் தொட்ட விரல்தான் அவளுடையது, ஆனால் இந்த எச்சிலைத் தொட்டால் இரண்டு தடவை கழுவிக்கொள்வாள்.

இவரைச் சமாளிக்க அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். கணினியில் 'அவசரம்' என்று ஒரு கோப்புறை திறந்து, அவர் எதையெல்லாம் திடீரென்று கேட்கக்கூடும் என்று யோசித்து, எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிப் போட்டுவைத்தாள். கழிவுநீர் பற்றிய அறிமுகம், அரைப் பக்கத்தில் ஒன்று, ஒரு பக்கத்தில் ஒன்று, மூன்று பக்கத்தில் ஒன்று. தண்ணீர்ப் பஞ்சம் பற்றிக் கண்ணீர் வரவழைக்கும் ஒரு பத்தி. நன்றியுரை. வரவேற்புரை. அடுத்தவர் புத்தகத்துக்கு அணிந்துரை. சக பேராசிரியர் ஓய்வு பெற்றால் வாசிக்க ஒரு வாழ்த்து; அதில் 'இருபது வருட நட்பு' என்று போட்டு, யாருக்கு எத்தனை என்று பார்த்து மாற்றிக்கொள்ள இடம் விட்டிருந்தாள். மூன்றாம் வருடத்தில் அந்தக் கோப்புறையில் நாற்பத்தோரு உருப்படி சேர்ந்திருந்தது. முதுகலை மாணவிகள் வந்து நிற்பார்கள். "அக்கா, அவசரமா ஒரு முன்னுரை வேணும், இருக்கா?" மளிகைக் கடையில் கேட்கிற மாதிரி. அவளும் எடுத்துக் கொடுப்பாள். தன் கெட்டிக்காரத்தனத்தில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பின்னாளில் எதையும்விட அந்தப் பெருமையை நினைத்தால்தான் அவளுக்குக் குமட்டியது.

ஏனென்றால் எழுத்தை முன்கூட்டியே எழுதி வைக்கலாம், எண்ணை வைக்க முடியாது.

அவளுடைய ஆய்வு இதுதான். மருத்துவமனைக்குப் பின்னால் நீளமான ஒரு பாத்தி கட்டி, ஜல்லி நிரப்பி, அதில் நாணல் நட்டிருந்தார்கள். கழிவுநீர் ஒரு முனையில் நுழைந்து, ஜல்லிக்கும் வேருக்கும் நடுவே நாலு நாள் ஊர்ந்து, மறுமுனையில் தெளிவாக வெளியே வரும். உள்ளே போகும்போது எத்தனை புழு முட்டை, வெளியே வரும்போது எத்தனை, நூற்றுக்கு எத்தனையைப் பாத்தி பிடித்து வைத்துக்கொண்டது? அந்த ஒரு எண்ணுக்காகத்தான் அத்தனை கேனும் தூக்கினாள். வெளியே வரும் தண்ணீர் போதிய அளவு சுத்தம் என்றால் மருத்துவமனைப் பூங்காவுக்குப் பாய்ச்சலாம் என்று திட்டம்.

மூன்றாம் வருடம் ஒரு வியாழக்கிழமை, மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது செய்தி வந்தது. "திட்டத்துக்கு நிதி தர்றவங்களுக்கு அறிக்கை. மூணு பக்கம் போதும். நாளைக் காலை." கோப்புறையில் எல்லாம் தயாராக இருந்தது, நடுவில் இருந்த அட்டவணையைத் தவிர. அப்போது நாலு மாத மாதிரிகளைத்தான் எண்ணியிருந்தாள், அதை வைத்து எந்த முடிவும் சொல்ல முடியாது. முன்பொரு தடவை இப்படித்தான் கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பி வாங்கிக் கட்டிக்கொண்டாள். "காலியா இருந்தா பார்க்க அசிங்கமா இருக்கும்மா. ஏதாவது ஒண்ணு போட்டு வை, அப்புறம் மாத்திக்கலாம்."

நிறுத்தத்துப் பெஞ்சில் மடிக்கணினியை முழங்காலில் வைத்துக்கொண்டு அவள் அந்தக் கட்டத்தையே பார்த்தாள். "அம்மா, நம்ம பஸ்!" என்று மகள் முந்தானையை இழுத்தாள். தலையைத் தூக்கினால் பஸ்ஸின் நெற்றியில் பெரிதாக 94. தட்டினாள். அது நிஜமில்லை என்று தெரியவேண்டும் என்பதற்காகக் கட்டத்துக்கு மஞ்சள் வண்ணம் பூசினாள். ஓரத்தில், 'தற்காலிக எண், பிறகு மாற்ற வேண்டும்' என்று குறிப்பும் போட்டாள். அப்படியே அனுப்பி, மூடி வைத்துவிட்டு ஓடிப்போய் ஏறினாள்.

துறையின் எழுத்தருக்கு ஸ்டேப்ளர் அண்ணன் என்று பெயர். எதைக் கொடுத்தாலும் பின் அடித்துவிடுவார், ஒற்றைத் தாளாக இருந்தாலும். காலையில் அந்த அறிக்கையை அச்சடித்தவர் அவர்தான். துறை அச்சு இயந்திரம் கறுப்பு வெள்ளை, அதிலும் மை மிச்சம் பிடிக்க மங்கலாக வைத்திருந்தார். மஞ்சள் இருந்த இடம் சுத்த வெள்ளையாக வந்தது. ஓரக் குறிப்புகளோடு அடித்தால் எழுத்து சின்னதாகிவிடுகிறது என்று அவற்றை எடுத்துவிட்டார். மூன்று தாளையும் சேர்த்து ஒரு பின் அடித்து மேஜையில் வைத்தார். நாளைக் காலை விரலை நாக்கில் தொட்டார், முதல் தாளைப் புரட்டினார், கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

விஷயம் தெரிந்து அவளுக்குப் பகீரென்றது. அவர் அறைக்கு ஓடினாள். "சார், அந்தத் தொண்ணூத்தி நாலு... அது சும்மா போட்டது சார். மஞ்சள்ல போட்டிருந்தேனே."

"மஞ்சளா? எனக்கு வெள்ளையாத்தான் வந்துச்சு."

"திருத்தி ஒரு கடிதம் அனுப்பிடலாமா சார்?"

"அனுப்பினதைத் தப்புன்னு சொன்னா நம்ம மானம் போயிடும்மா. நல்ல நம்பராத்தானே இருக்கு? நீ ஒழுங்கா வேலை செஞ்சா அதுவே வந்துடப் போவுது."

அவள் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டாள். பிள்ளையார் சுழி போட்டவள் அவள்தான், யாரைப் போய்க் குற்றம் சொல்ல?

அதற்குப் பிறகு அந்த எண்ணுக்குக் கை கால் முளைத்துவிட்டது. நாளைக் காலை ஒரு கூட்டத்தில் தொண்ணூற்று நான்கு என்றார். கைதட்டினார்கள். அடுத்த கூட்டத்தில் 'ஏறக்குறைய நூறு' என்றார். மருத்துவமனைக்காரர்கள் அவர் அறிக்கையை நம்பிப் பாத்தித் தண்ணீரைப் பூங்காவுக்குத் திருப்பி, குழாயும் வைத்து, பக்கத்தில் இரண்டு இரும்புக் கம்பம் நட்டு, நீல நிறத்தில் ஒரு பலகை மாட்டினார்கள். 'இங்கு பாயும் நீர் 94% தூய்மையானது.' கீழே பேராசிரியர் பெயர். அவள் பெயர் இல்லை. இல்லாதது நல்லதுதான் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பும் லேசுப்பட்ட அசிங்கமில்லை. பெயர் இல்லாவிட்டால் என்ன, எண் அவளுடையதுதானே. தினமும் காலையில் 94 என்று போட்ட பஸ்ஸில் ஏறி, 94 என்று போட்ட பலகையின் முன்னால் இறங்கினாள்.

ஐந்தாம் வருடம் ஒரு பிற்பகல், கேனோடு பூங்கா வழியே வந்தாள். நோயாளியைப் பார்க்க வந்த ஒரு பெண், சறுக்குமரத்தில் விளையாடிய தன் குழந்தையைக் குழாயடியில் நிறுத்திக் கை கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை ஒரு கையைக் கழுவக் கொடுத்துவிட்டு இன்னொரு கையின் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு நின்றது.

"அக்கா, அந்தத் தண்ணி வேண்டாம்," என்றாள் இவள்.

"ஏம்மா?"

"கழிவுத் தண்ணிக்கா அது. புழு முட்டை இருக்கும்."

அந்தப் பெண் பலகையைக் காட்டினாள். "அதான் சுத்தம்னு போட்டிருக்கே. படிச்சவங்க சும்மாவா போடுவாங்க?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கேனைக் கீழே வைத்துவிட்டு, தன் பாட்டில் தண்ணீரை முழுக்கக் குழந்தையின் கையில் ஊற்றினாள். அந்தப் பெண் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள். அன்று முதல்முறையாக டிபன் டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

கடைசியில், இரண்டு வருட மாதிரிகளையும் எண்ணி முடித்தபோது வந்த எண் அறுபத்தொன்று. மழை மாதங்களில் பாத்தி நிரம்பி வழிந்து முட்டைகள் அப்படியே அடித்துக்கொண்டு போயிருந்தன. மூன்று தடவை கூட்டிப் பார்த்தாள். அறுபத்தொன்றேதான்.

தாளை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள். அவர் பிஸ்கட்டை டீயில் தோய்த்துக்கொண்டிருந்தார். எண்ணைச் சொன்னதும் பிஸ்கட் பாதி உடைந்து டீக்குள் விழுந்தது. அதை விரலால் துழாவி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"தொண்ணூத்தி நாலுன்னு ஊருக்கே சொல்லியாச்சேம்மா."

"சார், அது..."

"மழை மாசத்தை எடுத்துடு. அது இயற்கை, நம்ம தப்பு இல்லை."

"எடுத்தும் பார்த்தேன் சார். எழுபத்தெட்டுதான் வருது."

"அப்ப இன்னும் கொஞ்சம் எதையாவது எடும்மா. எதை எடுத்தா வரும்னு உனக்குத் தெரியாததா?" என்று சிரித்தார். தட்டில் இருந்த பிஸ்கட்டை அவள் பக்கம் தள்ளினார். "நீ எனக்கு மக மாதிரி. பதிவு முடிய இன்னும் நாலு நாள்தானே இருக்கு? முழு ஆய்வேடும் நாளைக் காலை ஒன்பதுக்குள்ள மேஜையில இருக்கணும். அந்த நம்பரோட வா, கையெழுத்தை வாங்கிட்டுப் போ."

மகள் மாதிரியாம். வெளியே வந்ததும் வராந்தாவின் குடிநீர்க் குழாயில் முகத்தைக் கழுவினாள், இரண்டு தடவை.

சாயங்காலம் கணவர் வேலைப் பையை இறக்கி வைத்துவிட்டு வந்தபோது அவள் சமையலறைத் தரையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். பஸ் நிறுத்தத்துக் கதையையும் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சொன்னாள்.

"என்ன டாக்டரம்மா, இவ்வளவு நாளா இதை மனசுலயே வச்சுக்கிட்டா இருந்த?" என்றார் அவர். கேலியாகத் தொடங்கினாலும் முகத்தில் சிரிப்பில்லை. "லிஃப்ட்டுக்குள்ள ஆறு பேர்னு ஒரு தகடு இருக்குல்ல? அதை நான்தான் அடிக்கிறேன். அவசரம்னு பஸ் நம்பரை அடிச்சேன்னு வை, என்னைப் புடிச்சு உள்ள போட்டுடுவாங்க."

"எனக்கு மட்டும் தெரியாதாங்க? அறுபத்தொண்ணு போட்டா கையெழுத்துப் போடமாட்டார். ஆறு வருஷம் போச்சு."

"படிச்சாத்தானே போடமாட்டார்?" என்றார் கணவர். "படிக்கவே மாட்டார்னு நீதானே சொல்லிட்டிருந்த?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அட்டவணையைத் திறந்து அறுபத்தொன்று என்று அடித்தாள். மஞ்சள் பூசவில்லை.

மறுநாள் காலை ஒன்பதுக்கு, இருநூற்றுப் பன்னிரண்டு பக்கமும் மேஜையில் இருந்தன. அவள் எதிரே நின்றாள். நாளைக் காலை காதுக்கும் தோளுக்கும் நடுவே கைப்பேசியை இடுக்கிக்கொண்டு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். விரலை நாக்கில் தொட்டார், முதல் தாளைப் புரட்டினார். "நம்பர் வந்துடுச்சா?" என்று வாயசைத்தார். "வந்துடுச்சு சார்," என்றாள். அது பொய்யில்லை. 'இவ்வாய்வேட்டை முழுமையாகப் படித்துச் சரிபார்த்தேன்' என்ற பக்கத்தைத் தேடி எடுத்து, பேச்சை நிறுத்தாமலே கையெழுத்துப் போட்டார்.

அவள் பிழைத்துவிட்டாள். ஆனால் சந்தோஷம் வரவில்லை. ராத்திரி முழுக்கத் தூங்காமல் அவள் உழன்ற ஒரு விஷயத்தை அந்த மனிதர் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. உண்மையைத் திருட்டுப் பொருள் மாதிரி அவருடைய சோம்பேறித்தனத்துக்குள் ஒளித்துக் கடத்திக்கொண்டு வரவேண்டியிருந்ததே என்று நினைக்க நினைக்க அவருடைய முகமும் பிடிக்கவில்லை, தன் முகமும் பிடிக்கவில்லை. பலகை வேறு அங்கேயேதான் இருந்தது.

ஐந்து மாதம் கழித்து வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து தேர்வாளராக ஒரு அம்மாள் வந்திருந்தார். துறைக்காரர்கள், மாணவர்கள், மருத்துவமனை அதிகாரி ஒருவர், கடைசி வரிசையில் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு வந்த கணவர். தேர்வாளர் அம்மாள் பையிலிருந்து அவளுடைய ஆய்வேட்டை எடுத்து மேஜையில் வைத்தார். அதன் ஓரமெல்லாம் துண்டுச் சீட்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு. எண்பதாம் பக்கத்தில்கூட. நூற்றைம்பதாம் பக்கத்தில்கூட. ஒருத்தர் படித்திருக்கிறார்! ஆறு வருடத்தில் முதல்முறையாக, அவள் எழுதியதை ஒரு மனுஷி முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து படித்திருக்கிறார்.

அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "காலையில உங்க சார் என்னை அந்தப் பாத்தியைப் பார்க்கக் கூட்டிட்டுப் போனார். அங்க போர்டுல தொண்ணூத்தி நாலுன்னு இருக்கு. நீங்க நூத்தி நாப்பத்தி மூணாம் பக்கத்துல அறுபத்தொண்ணுன்னு எழுதியிருக்கீங்க. எதும்மா சரி?"

அறையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. நாளைக் காலையின் நாற்காலிதான். "அது டைப்பிங் மிஸ்டேக் மேடம்," என்றார் முந்திக்கொண்டு. "பொண்ணுக்கு எப்பவுமே கடைசி நேர அவசரம். தொண்ணூத்தி நாலுதான். திருத்திக் குடுத்துடுவா. என்னம்மா?"

கடைசி நேர அவசரம். அவளுக்காம். தலையை ஆட்டினால் போதும், பட்டம் கையில். அவர் புருவத்தைத் தூக்கி, ஆட்டு ஆட்டு என்று காத்திருந்தார். பென்சில் கோடு போட்ட அந்தப் பக்கங்கள் எதிரே திறந்து கிடந்தன.

"அறுபத்தொண்ணுதான் சரி மேடம்," என்றாள் அவள். "தொண்ணூத்தி நாலு பஸ் நம்பர்."

"என்னது?"

"நான் தினமும் வர்ற பஸ்ஸோட நம்பர் மேடம். அறிக்கை நாளைக் காலைக்குள்ள வேணும்னு சார் கேட்டார். கட்டம் காலியா இருக்கக் கூடாதுன்னும் சொல்லியிருந்தார். பஸ் வந்துச்சு, அதைப் பார்த்துப் போட்டேன். போட்டது நான்தான். அது தப்புன்னு தெரிஞ்சும் மூணு வருஷமா சும்மா இருந்ததும் நான்தான்."

யாரோ களுக்கென்று சிரித்து, சட்டென்று நிறுத்தினார்கள். ஸ்டேப்ளர் அண்ணன் கதவோரம் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். மருத்துவமனை அதிகாரியின் முகம் வெளுத்தது. நாளைக் காலை மட்டும், "ஜோக் அடிக்கிறா மேடம்," என்று பூசி மெழுகப் பார்த்தார். அவருடைய காதுகள் சிவந்திருந்தன.

தேர்வாளர் அம்மாள் சிரிக்கவில்லை. சான்றுப் பக்கத்தைத் திருப்பி அவர் பக்கம் காட்டினார். "முழுமையாகப் படித்துச் சரிபார்த்தேன்னு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களே சார். இந்த அறுபத்தொண்ணைப் பார்க்கலையா?"

அவர் டீக் கோப்பையைத் தேடினார். அது காலியாக இருந்தது.

அம்மாள் அவள் பக்கம் திரும்பினார். "நடந்ததை அப்படியே எழுதிக் குடுங்க. தண்ணீர் எதுக்கு லாயக்கு, எதுக்கு லாயக்கில்லைன்னு அதுலயே சொல்லணும். அதைப் பார்த்த பிறகுதான் பட்டத்தைப் பத்தி நான் முடிவு சொல்ல முடியும். எப்போ தருவீங்க?"

"ரெண்டு பக்கம்தானே மேடம்," என்றார் நாளைக் காலை, பழக்கதோஷத்தில். "நாளைக் காலைக்குள்ள குடுத்துடுவா."

"இல்ல மேடம்," என்றாள் அவள். "எனக்குப் பத்து நாள் வேணும். எல்லாக் கணக்கையும் மறுபடி போட்டுப் பார்த்துத்தான் எழுதுவேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு அவரைப் பார்த்துச் சொன்னாள். "ஆனா அந்தப் போர்டை எடுத்துடணும் சார். அது நாளைக் காலை ஒன்பதுக்குள்ள வேணும். அவசரம்."

அம்மாள் இரண்டையும் குறிப்பேட்டில் எழுதினார். பலகையை எடுக்கும் பொறுப்பு வழிகாட்டியுடையது என்றும் எழுதினார். மருத்துவமனை அதிகாரி படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நாளைக் காலையிடம் நீட்டியபோது அவர் விரலை நாக்கில் தொட்டார். படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் எட்டரைக்கு அவளும் கணவரும் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். பலகை அதே இடத்தில், அதே நீலத்தில் நின்றது. பூங்காவில் தோட்டக்காரர் மட்டும் இருந்தார். பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எட்டே முக்கால் ஆயிற்று. யாரும் வரவில்லை, வருவார்கள் என்று அவளும் நினைக்கவில்லை. ஒன்பதானதும் எழுந்தாள்.

"இன்னும் அஞ்சு நிமிஷம் பார்க்கலாமா?" என்றார் கணவர்.

"வேண்டாங்க. ஒன்பதுன்னா ஒன்பதுதான்."

குறிப்பேட்டின் நகலைத் தோட்டக்காரரிடம் காட்டினாள். அவர் பலகையைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, கணவர் வேலைப் பையிலிருந்து ஸ்பானரை எடுத்து நாலு போல்ட்டையும் கழற்றினார். பலகையைக் கவிழ்த்துப் புல்லில் போட்டார்கள். அவள் பையிலிருந்து, பாட்டில்களுக்கு லேபிள் எழுதும் தடித்த பேனாவை எடுத்து ஒரு அட்டையில் எழுதினாள்: 'இது கழிவுநீர். கை கால் கழுவ வேண்டாம். 61% முட்டைகள்தான் நீங்குகின்றன.' கம்பியால் அதைக் குழாயில் கட்டினாள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். பிறகு திரும்பி வந்து, அட்டையின் கீழே தேதியைப் போட்டு, தன் கையெழுத்தைப் போட்டாள்.